தேறிய கன்று

கனடாவில் ஈழத்தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பெப்ரவரி கடைசியிலேயே விதைப்பு தொடங்கிவிடுகிறது. வெளியே பனி குவிந்து கிடக்க, ஜன்னல் விளிம்பிலும் பேஸ்மென்ட் விளக்கின் அடியிலும் பச்சை மிளகாயும் கறிமிளகாயும் கத்தரியும் தக்காளியும் முளைவிடுகின்றன. மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறையை ஒட்டி அவை பின்வளவுக்கு இறங்கும். அந்த நாட்களில் கன்று எவ்வளவு உயரம் என்பதே பேச்சு. ஒன்றரை அடி என்றால் மெச்சுகிறோம். பூ வைத்துவிட்டது என்றால் இன்னும் மெச்சுகிறோம். கடைக்குப் போனாலும் பிஞ்சு தொங்கும் தொட்டியைத்தான் கை தேடுகிறது. இந்த மெச்சுதல் இடம் மாறி விழுகிறது என்பது என் துணிபு. வீட்டுக்குள் வளர்ந்த கன்று மண்ணில் பிடிக்குமா என்பதை அதன் உயரம் முடிவுசெய்வதில்லை. வெயிலுக்கும் காற்றுக்கும் இரவின் குளிருக்கும் அது எவ்வளவு தேறியிருக்கிறது என்பதே முடிவுசெய்கிறது. தேறாத கன்றுகளிலும் பெரியதற்கே இழப்பு அதிகம்.

காரணம் இலையில் இருக்கிறது. தெளிந்த நண்பகலில் திறந்தவெளியின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அறையின் நடுவில் அது சில நூறு லக்ஸ்தான். கன்றுத் தட்டுக்கு மேல் தொங்கவிட்ட நல்ல எல்.ஈ.டி விளக்குகூட வெளியொளியில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் பெரிது. கண்மணி விரிந்தும் சுருங்கியும் சமாளித்துவிடுவதால் நமக்கு இந்த வேறுபாடு உறைப்பதில்லை. இலை அப்படியல்ல. மங்கிய ஒளியில் உருவாகும் இலை, கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிப்பதற்காக அகலமாகவும் மெல்லியதாகவும் அமைகிறது. ஜன்னல் கண்ணாடி சூரிய ஒளியின் யூவி-பி கதிர்களை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். வெளியில் வளரும் இலை அந்தக் கதிர்களைத் தாங்குவதற்கு ஃபிளேவனாய்டு எனப்படும் பொருள்களைத் தன் மேல்தோலில் சேர்த்து வைக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்ததற்கு அதற்கான தேவையே வந்ததில்லை. அசையாத காற்றில் வளர்ந்ததால் மேலிருக்கும் மெழுகுப் படலமும் மெல்லியது. இப்படிப்பட்ட இலையை ஒரே நாளில் முழு வெயிலில் கொண்டுபோய் வைத்தால் அடுத்த ஓரிரு நாளில் வெளுத்த திட்டுகள் தெரியும். நோய் என்று நினைத்து மருந்து தேடுபவர்கள் உண்டு. தாகம் என்று நினைத்து வேர் மூழ்கத் தண்ணீர் விடுபவர்களும் உண்டு. அது வெயில் தீய்த்த புண். வெளுத்த இடம் மறுபடி பச்சையாவதில்லை.

விரிந்து முடிந்த இலை தன் மெழுகையும் நிறமிகளையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். தடிப்பை மாற்றிக்கொள்ள அதனால் முடியாது. வெளிக்கு ஏற்ற இலை வெளியில்தான் உருவாக வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால் உயரத்தின் மீதுள்ள மயக்கம் தானே தெளிந்துவிடும். ஐந்தாறு இலை உள்ள கன்று வெளியே போகும்போது பொருந்தாத இலைகள் ஐந்தாறுதான்; இரண்டு வாரத்தில் புது இலைகள் அவற்றை மிஞ்சிவிடும். இருபது இலை உள்ள கன்றோ இருபதையும் காப்பாற்றப் பார்க்கிறது. நடும்போது அறுபடும் நுண்வேர்களால் அத்தனை இலைகளும் இழக்கும் நீரை ஈடுசெய்ய முடிவதில்லை. சிறிய தொட்டியில் நெடுநாள் இருந்த வேர் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும். மண்ணில் வைத்த பிறகும் சில காலம் அந்த வட்டத்தை விட்டு வெளியே வராது. பூவும் பிஞ்சும் இருந்தால் இன்னும் கெடுதல், ஏனென்றால் வேருக்குப் போக வேண்டிய சர்க்கரையைப் பிஞ்சு இழுத்துக்கொள்கிறது. மிளகாய்க் கன்றில் முதல் பூக்களைக் கிள்ளிவிட்டு நடச் சொல்வது இதனால்தான். அதைக் கிள்ள மனம் வராதது இயல்புதான், ஆனால் கிள்ளத்தான் வேண்டும்.

தண்டுக்கும் இதே நியாயம். மார்க் ஜாஃபி என்ற தாவரவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், இளஞ்செடிகளின் தண்டை நாள்தோறும் சிறிது தேய்த்துவிட்டால் அவை உயரம் குறைந்து தடிக்கின்றன என்று காட்டினார். காற்று வெளியில் அந்த வேலையைத்தான் செய்கிறது. பேஸ்மென்டில் காற்றும் இல்லை, ஒளியும் போதாது. நிழலில் அகப்பட்ட செடி ஒளியைத் தேடி நீளும், அவ்வளவே. நாம் பெருமையோடு அளக்கும் ஒன்றரை அடியில் பெரும்பகுதி அந்தத் தேடலின் நீளம். சிறு மின்விசிறி ஒன்றை ஓடவிடுவதும், உள்ளங்கையால் கன்றுகளின் தலையைத் தடவிவிடுவதும் பயனுள்ளவை. பூக்கோவாக் கன்றில் முதுமையின் விலை இன்னும் வெளிப்படை. தட்டிலேயே தேங்கி முற்றிப்போன கன்றை நட்டால் அது இலை பெருக்காமல், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பூவை வைத்து நின்றுவிடுகிறது. கோவாவில், பென்சிலை விடத் தடித்த தண்டோடு வெளியே போய்ப் பல நாள் குளிரில் நிற்பவைதான் தலை கட்டாமல் பூத்தண்டு எறிகின்றன. அதே குளிரை மெல்லிய தண்டுள்ள இளங்கன்று தாண்டிப் போய்விடும். நெல்லுக்கும் இது புதிதல்ல. 1980களில் மடகாஸ்கரில் ஹென்றி டி லோலானியே என்ற பாதிரியார் 15 நாள் நாற்றை நட்டுக் கண்டதிலிருந்து வளர்ந்ததே தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்று வழங்கும் முறை. அதன் விளைச்சல் பற்றிய வாதம் ஓயவில்லை. இளநாற்று அதிகம் தூர் கட்டுகிறது என்பதோ வயலில் கண்ணால் காணக்கூடியது.

கனடாவின் கோடை குறுகியது, பெரிய கன்றை வைத்தால்தானே பனிக்கு முன் காய் பறிக்கலாம் என்பார்கள். பாரம் உள்ள வாதம்தான் இது. மிளகாயும் கத்தரியும் காய்க்க நாள் எடுப்பவை. உள்ளே முளைக்க வைக்காவிட்டால் இங்கே அவை இல்லை. ஆனால் வீட்டுக்குள் முந்திப் பெற்ற மூன்று வாரத்தை, வெளியே வந்து வாடிப் புது வேர் விடும்வரை அசையாமல் நிற்கும் காலம் தின்றுவிட்டால் மிச்சம் என்ன? மே நடுவில் காற்று இதமாக இருந்தாலும் மண் குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த மண்ணில் தக்காளி வேர் பொஸ்பரசை எடுக்கத் திணறும். இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாவது அதன் அடையாளம். இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கினால் மிளகாய் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. மொட்டு உருவாகும் வேளையில் குளிர்பட்ட தக்காளி, தழும்பும் மடிப்புமாக உருக்குலைந்த பழம் தரும். முந்தியிருப்பது நல்லதே. அந்த முந்துதல் வேரிலும் உரத்திலும் இருக்க வேண்டும், சென்டிமீட்டரில் அல்ல.

நெடுத்த கன்றை ஆழமாகப் புதைத்தால் தண்டெல்லாம் வேர் விடுமே என்பது இன்னொரு பதில். தக்காளியில் அது முழு உண்மை. தண்டைச் சாய்த்துக் கிடத்தி நடுவது நல்ல உத்தியும்கூட. ஆனால் அது தக்காளியின் தனித்திறமை. மிளகாயிலும் கத்தரியிலும் அதே அளவுக்கு நம்பியிருக்க முடியாது. பாகலும் புடலும் பீர்க்கும் வேரைத் தொடுவதையே பொறுக்காதவை. தக்காளியிலும் தண்டு புதைந்தாலும் இலைகள் மேலேதான் நிற்கின்றன, வீட்டு நிழலில் உருவான அதே இலைகள்.

கன்றைத் தேற்றுவதற்காக ஊரில் யார் ஒரு கிழமை அதைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடந்தார்கள் என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அவர்கள் விவசாயம் அறிந்தவர்கள். யாழ்ப்பாணத்து நாற்றுமேடை வெட்டவெளியில் இருந்தது. கிடுகு நிழலின் கீழ் முளைத்த கன்றுக்கும் காற்று உண்டு, பகலின் சூடும் இரவின் குளிர்ச்சியும் உண்டு. பிடுங்குவதற்கு முந்திய நாட்களில் நிழலை விலக்கித் தண்ணீரைக் குறைப்பதும் வழக்கம். ஆக, கன்றைத் தேற்றும் வேலை அங்கேயும் நடந்தது. மேடையே அதில் பெரும்பங்கைச் செய்ததால் தனி வேலையாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் வேளாண் பரிந்துரைகள் தக்காளிக்கு 25 நாளையும் கத்தரிக்கு 30 முதல் 35 நாளையும் மிளகாய்க்கு 40 முதல் 45 நாளையும் நாற்றின் வயதாகச் சொல்கின்றன. அந்தச் சூட்டிலும் வெளிச்சத்திலும் அவ்வளவு போதும். இங்கே ஒளியும் சூடும் குறைவாதலால் வயது கூடும், கூடட்டும். மூன்று மாதத்துத் தக்காளிக் கன்றை அந்தக் கணக்கு எதுவும் நியாயப்படுத்தாது.

இரண்டு வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. முதல் நாள் வெளியே இரண்டு மணி நேரம், மறுநாள் மூன்று என்று புத்தகங்கள் சொல்வது வீட்டில் ஆள் இருப்பவர்களுக்கான அட்டவணை. வெயிலைப் படிப்படியாகக் கூட்டுவதே நோக்கம் என்று புரிந்துகொண்டால் வழி உண்டு. வீட்டின் வடக்குச் சுவரோரம் வெளிச்சம் உண்டு, நேர்வெயில் குறைவு. இரவு குளிராத காலம் பார்த்துத் தட்டுகளை மூன்று நான்கு நாள் அங்கேயே விட்டுவிடலாம். அடுத்து காலை வெயில் மட்டும் விழும் கிழக்குப் பக்கம், அதன்பின் திறந்தவெளி. நிழல்வலை ஒரு துண்டு இருந்தால் இடம் மாற்றும் வேலையும் மிச்சம். தண்ணீரைக் குறைக்கலாம், வாடும் அளவுக்கு அல்ல. யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அந்த நாட்களில் தள்ளி வைக்க வேண்டும், அது மறுபடி மெல்லிய இலையைத்தான் தள்ளும். அளவு மீறிக் காயவைத்தும் குளிரவைத்தும் வாட்டிய கன்று இறுகிப்போய் வளர மறுக்கும் என்பதால், கடுமை காட்டுவதே தேற்றுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏழு முதல் பத்து நாள் போதும். கடைசியில் மேகமூட்டமான நாளோ மாலை நேரமோ பார்த்து, தட்டை முன்கூட்டி நனைத்து, வேர்க்கட்டி உடையாமல் நட்டுத் தண்ணீர் விட வேண்டும்.

இந்தப் பத்து நாளை மே மாதத்தில் தேடினால் கிடைக்காது. விதைக்கும் நாளிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். ரொறன்ரோவில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் மார்ச் நடுப்பகுதியும், தக்காளிக்கு ஏப்ரல் முதல் வாரமும், பாகலுக்கும் புடலுக்கும் மே முதல் வாரமும் பிந்தியவை அல்ல. கொடிகள் இரண்டு மூன்று இலையோடு, ஜூன் முதல் வாரத்தில் மண் சூடேறிய பிறகு இறங்கலாம். பெப்ரவரியில் கை துறுதுறுத்தால் வெங்காயமும் லீக்ஸும் விதைக்கலாம். மெதுவாக வளர்ந்து, குளிரையும் தாங்கும் அவற்றுக்கு அந்த மாதம் பொருந்தும்.