பெர்லின் நாட்கள் – 6: தகர மாளிகையின் கரடிகள்

அலெக்சாண்டர்பிளாட்ஸில் எம்5 டிராம் ஏறினால், வரிசையாக நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைத் தாண்டி ஹோஹென்ஷோன்ஹாவுசன் போய்ச் சேரலாம். சென்ற வாரம் எழுதிய ஸ்டாஸி சிறைக்குப் போகிறவர்கள் ஃப்ரையன்வால்டர் தெருவில் இறங்குவார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொண்டால் ஸ்போர்ட்ஃபோரம். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாஸியின் சிறைக்கும் அதே போலீஸின் விளையாட்டு வளாகத்துக்கும் ஒரே டிராம்.

நான் தேடி வந்தது ஐஸ்பேரன் பெர்லின் என்கிற ஐஸ் ஹாக்கி அணியின் பிறந்த வீட்டை. ஐஸ்பேரன் என்றால் பனிக்கரடிகள். ஜெர்மன் ஐஸ் ஹாக்கி லீக்கில் 2025 வரை 11 முறை பட்டம் வென்றவர்கள். வேறெந்த அணியும் இத்தனை முறை ஜெயித்ததில்லை. இப்போது அவர்கள் ஆடுவது ஸ்ப்ரே நதிக்கரையில் 14,200 பேர் கொள்ளும் ஊபர் அரீனாவில். பழைய கூடத்தில் 5,000 பேருக்குக்கூட இடமில்லை. 1963-ல் திறந்தவெளித் தளமாகத் தொடங்கி, மறு வருடம்தான் கூரை போட்டார்கள். நெளிதகரக் கொட்டகை போல இருக்கிறதென்று ரசிகர்கள் கேலியாக ‘வெல்பிளெக்பலாஸ்ட்’, தகர மாளிகை, என்று பெயர் வைத்தார்கள். செல்லமாக ‘வெல்லி’.

நான் போன மதியம் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி. கதவைத் தள்ளியதுமே ஈரமும் ரப்பரும் வியர்வை ஊறிய கையுறையும் கலந்த ஒரு வாடை. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு ரப்பர் வில்லைதான் ‘பக்’. அது ஓரத்துப் பலகையில் மோதும்போது கூடமே ஒருமுறை அதிர்கிறது. ஒரு பையன் முழு வேகத்தில் வந்து குப்புற விழுந்து, தன் உயரத்துக்கு மேல் பனித்துகள் பறக்கச் சறுக்கிப்போய் கோல் கம்பத்தில் நின்றான். பயிற்சியாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனும் எழுந்து வரிசையில் நின்றுகொண்டான்.

இந்த அணியின் பழைய பெயர் டைனமோ பெர்லின். 1954-ல் கிழக்கு ஜெர்மனியில் தொடங்கப்பட்ட ஸ்போர்ட்கிளப் டைனமோவின் ஒரு பிரிவு. போலீஸ், ரகசியப் போலீஸ் ஆகியோரின் விளையாட்டு அமைப்புதான் டைனமோ. அதன் தலைவர் எரிக் மீல்கே. 1957 முதல் 1989 வரை ஸ்டாஸியின் அமைச்சராக இருந்து ஊரையே ஒட்டுக்கேட்ட அதே மீல்கே.

இங்கிருந்துதான் கதை விசித்திரமாகிறது. 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்ஸில் கிழக்கு ஜெர்மனி ஐஸ் ஹாக்கி அணி முதன்மைப் பிரிவில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்று, அந்தப் பிரிவில் எட்டாவதாக, கடைசியில் வந்தது. பதக்கக் கணக்கிலேயே தேசத்தின் மானம் இருப்பதாக நம்பிய அரசு அது. உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இருபது பேருக்கு மேல் சாப்பாடு போட்டு, பனித்தளம் கட்டி, வருடக்கணக்கில் பழக்கினாலும் ஐஸ் ஹாக்கியில் கிடைக்கக்கூடியது ஒரே ஒரு பதக்கம். அந்தப் பணத்தைத் தனிநபர் போட்டிகளில் போட்டால் கை நிறையப் பதக்கம். எனவே ஐஸ் ஹாக்கிக்கான உதவியை வெட்டினார்கள். ராஸ்டாக், எர்ஃபர்ட், கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட் அணிகளெல்லாம் முதல்தர ஆட்டத்திலிருந்து மறைந்தன. மிஞ்சியவை இரண்டு: டைனமோ பெர்லின், போலந்து எல்லையோரம் இருக்கும் சின்னக் கண்ணாடித் தொழில் நகரமான வைஸ்வாஸரின் டைனமோ. இரண்டுமே மீல்கேயின் அணிகள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் லீக்கை நிறுத்தவில்லை. 1970-லிருந்து 1990 வரை, இருபது பருவங்கள், இந்த இரண்டு அணிகளே ஒன்றோடொன்று மாறி மாறி மோதின. முடிவில் ஒன்று சாம்பியன், மற்றது இரண்டாமிடம், அதுவே கடைசி இடமும். இரண்டே வீடு இருக்கிற தெருவில் வருஷா வருஷம் கோலப்போட்டி நடத்தி நடுவரையும் உட்கார வைத்த மாதிரி. எதிராளி எந்தத் தோளைச் சாய்த்தால் எந்தப் பக்கம் அடிப்பான் என்பது ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் அத்துப்படியாகியிருக்கும். அந்த இருபது வருடமும் பெர்லினுக்குப் பயிற்சி கொடுத்தவர் யோவாகிம் ஸீஷெ. கிழக்கு ஜெர்மன் பட்டங்களின் மொத்தக் கணக்கில் வைஸ்வாஸருக்கு 25, பெர்லினுக்கு 15. தலைநகரத்தை ஒரு சிற்றூர் முந்தியிருக்கிறது என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

சுவர் விழுந்ததும் இரண்டையும் ஒன்றுபட்ட ஜெர்மனியின் பூந்தெஸ்லீகாவில் சேர்த்தார்கள். பெர்லின் முதல் பருவத்திலேயே கீழிறங்கி, அடுத்த ஆண்டு மேலேறியது. டைனமோ என்ற பெயரோடு விளம்பரதாரர் வாசலில் போய் நிற்க முடியாத காலம். 1992-ல் பனிக்கரடிகள் ஆனார்கள். 1994-ல் தொடங்கிய புதிய லீக்கின் முதல் பருவத்தில் கடைசி இடம். காப்பாற்றியது யார்? அமெரிக்கக் கோடீஸ்வரர் ஃபிலிப் ஆன்ஷுட்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணியின் உரிமையாளர். 1999-ல் அவருடைய நிறுவனம் கிளப்பை வாங்கியது. ஸ்டாஸி வளர்த்த பிள்ளையை முதலாளி தத்தெடுத்துக்கொண்டார். 2005-ல் முதல் பட்டம். அப்போதைய பயிற்சியாளர் கனடாக்காரர் பியர் பாஜே.

அதே முதலாளியின் பணத்தில் 2008-ல் புது அரங்கம் வந்தது. அதற்கு முன்னேற்பாடாக, அரங்கத்திலிருந்து நதிக்கு வழி கிடைக்க வேண்டுமென்று எதிரே ஈஸ்ட் சைட் கேலரியில் நின்ற பெர்லின் சுவரில் 40 மீட்டருக்கு மேல் பெயர்த்து நகர்த்தினார்கள். சுவரைக் காவல் காத்த ஆட்சியின் கிளப்புக்காகச் சுவரையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்!

சனிக்கிழமை அங்கே மான்ஹைமுடன் ஆட்டம். பியர், வறுத்த சாஸேஜ், காது கிழியும் பாட்டு. ஆட்டக்காரர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை பலகையைத் தாண்டிக் குதித்து மாறிக்கொண்டே இருப்பதால், யார் உள்ளே யார் வெளியே என்று பிடிபடவே முதல் இருபது நிமிடம் போய்விட்டது. திடீரென்று நின்றுகொண்டு பார்க்கும் பகுதியிலிருந்து ஒரு கோஷம்: “டை-ன-மோ!” பெயர் மாறி முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பக்கத்தில் ஒயின் சிவப்பில் பழைய டைனமோ துண்டு போட்டிருந்த பெரியவரிடம், ஸ்டாஸியின் பெயரை ஏன் இன்னும் கத்துகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

“நாங்கள் அமைச்சருக்காகவா மேட்ச் பார்க்கப் போனோம்? சனிக்கிழமை சாயங்காலம் வேறு எங்கே போவது, சொல்லுங்கள்?” என்றார். சற்றுப் பொறுத்து, “வேலை பார்த்த ஃபேக்டரி போயிற்று. தெருப் பெயர்கூட மாறிவிட்டது. இதையாவது கத்திக்கொள்கிறோம்” என்றார்.

பாதி புரிந்தது. மீதிப் பாதியை ஏற்க மனம் வரவில்லை. இரண்டு நாள் முன்புதான் அந்தச் சிறை அறைகளைப் பார்த்திருந்தேன்.

கூட்டத்தில் பல முதுகுகளில் 22 என்ற எண். டோபியாஸ் ஈடர். 2025 ஜனவரியில், 26 வயதில் புற்றுநோய்க்குப் பலியான ஆட்டக்காரர். அந்த ஏப்ரலில் அணி பதினோராவது பட்டத்தை வென்றது.

வெளியே வரும்போது பெரியவர் என் குறிப்பேட்டை வாங்கி ரயில் நேரம் எழுதிக் கொடுத்தார். காட்பஸ் போய், அங்கே கெர்லிட்ஸ் பக்கம் போகும் வண்டி மாற வேண்டும். “வைஸ்வாஸரைப் பார்க்காமல் எங்களைப் பற்றி எழுதாதீர்கள். இருபது வருடம் எங்களுக்கு அவர்களை விட்டால் வேறு ஆள் ஏது?” அடுத்த வாரம் அங்கே.