பாந்த்ரா ஆன்ட்டி வீடு மாறின கதை

சொந்த வீடு வாங்குவதற்குள் மும்பையில் 6 வீடு மாறியவன் நான். அதனால் யாராவது "வீடு மாத்தறேன், கொஞ்சம் வந்து கை குடுப்பா" என்றால் நைசாக நழுவிவிடுவது வழக்கம். இடுப்பு வலி, ஆடிட், ஊரிலிருந்து மாமா வருகிறார்... காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் போன வருடம் மே மாதம் பாந்த்ரா ஆன்ட்டி போன் செய்து, "பேட்டா, சனிக்கிழமை டெம்போ வருது. மழைக்கு முன்னாடி காலி பண்ணணும். வரியா?" என்று கேட்டபோது மறுபேச்சில்லாமல் சரி என்றேன். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும்.

1998இல் பேங்க் வேலை கிடைத்து ஒரு சூட்கேஸோடு தாதரில் வந்து இறங்கினேன். மாதுங்காவில் தங்க இடம் பார்த்து வைக்கிறேன் என்று சொன்ன சித்தப்பாவின் சிநேகிதர் கையை விரித்துவிட்டார். கூட வேலை பார்த்த ஒருவர் பாந்த்ராவில் இந்த வீட்டைக் காட்டினார். பேயிங் கெஸ்ட். அங்கிள் ரயில்வே, ஆன்ட்டி பள்ளிக்கூட டீச்சர். ஊரை விட்டு முதல்முறை வெளியே வந்த திருநெல்வேலி சைவப் பையன் எனக்கு உள்ளூர உதறல். ஆன்ட்டி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "காலையில எத்தனை மணிக்கு வெந்நீர் வேணும்?"

தயங்கித் தயங்கி "நான் வெஜிடேரியன்" என்றேன். மறுநாள் சாயங்காலம் அடுப்படியில் ஒரு புது அலுமினியப் பாத்திரம். கைப்பிடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. "இது மதராசி பையனோடது. யாராவது இதுல பொம்பில் மீன் வறுத்தீங்க, கையை உடைப்பேன்" என்று வீட்டில் எல்லோருக்கும் எச்சரிக்கை வேறு. மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தேன். அந்தப் பாத்திரத்தில் ஒரு நாளும் மீன் விழவில்லை.

அவர்கள் ஈஸ்ட் இந்தியன். கோவாக்காரர்கள் என்றுதான் நம்மவர்கள் நினைத்துக்கொள்வோம். கிடையாது. மும்பை, சால்செட், வசாய் பக்கத்துப் பூர்வகுடிகள். போர்ச்சுகீசியர் காலத்தில் கத்தோலிக்கரானவர்கள். வீட்டில் பேசுவது ஒரு மாதிரி மராத்தி. பிற்பாடு கோவாவிலிருந்தும் மங்களூரிலிருந்தும் கிறிஸ்தவர்கள் வேலை தேடி வந்தபோது, தங்களைத் தனியாக அடையாளம் காட்டிக்கொள்ள 1887இல், விக்டோரியா ராணியின் பொன்விழா வருடத்தில், இந்தப் பெயரில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் பாந்த்ராவில் ரன்வார், சுயிம் என்று பழைய கிராமங்கள் சந்து பொந்துகளோடு நகரத்துக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தெருமுனைகளில் நிற்கும் கல் சிலுவைகளில் பல 1896 பிளேக் சமயத்தில் வைத்தவை. அங்கிள் சிரித்துக்கொண்டே சொல்வார். "இந்த ஊர்ல முன்னாடியே இருந்தது நாங்களும் கோலிங்களும்தான், மென். மத்தவங்க எல்லாம் ட்ரெயின் ஏறி வந்தவங்க." என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அவர்கள் வீடு பக்டி வீடு. மும்பைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பெரிய தொகை கொடுத்துவிட்டால், பிறகு தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் இருக்கலாம். வாடகைக்காரர்தான், ஆனால் கிட்டத்தட்ட சொந்தக்காரர். அந்தக் கட்டடம் உளுத்துப்போய், ஒருவழியாக பில்டர் இடித்துக் கட்ட வந்துவிட்டார். புதுக் கட்டடத்தில் வீடு உண்டு. அதுவரை வெளியே தங்க மாதாமாதம் வாடகைப் பணமும் உண்டு. அங்கிளுக்கு 80 தாண்டிவிட்டது. பிள்ளைகள் இருவரும் கனடாவில். மூன்று வருடத்துக்கு ஒரு வாடகை வீடு, அவ்வளவுதான் தேவை.

இரண்டு மாதம் அலைந்தோம். புரோக்கரின் முதல் கேள்வி, "வெஜ்ஜா, நான் வெஜ்ஜா?" இரண்டாவது கேள்வி, "பேர் என்ன?" பேரைக் கேட்டதும், "பார்த்துச் சொல்றேன் சார்." அந்தப் போன் திரும்பி வராது.

எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. லிஃப்ட் உண்டு. ஓனர் துபாயில், அவருக்கு வாடகை வந்தால் போதும். நான் முந்திரிக்கொட்டை மாதிரி ஆன்ட்டியிடம், "எங்க பில்டிங்குக்கே வந்துடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் செக்ரட்டரியிடம் பேசினேன்.

அவர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "நல்ல மனுஷங்களா இருப்பாங்க சார், நான் இல்லைங்கல. ஆனா சமையல் வாசனை... மத்த மெம்பர்ஸ் ஒத்துக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் வெஜ்தானே?" கூடவே ஒரு சட்ட பாயிண்டும். அகமதாபாத் பார்சி சொசைட்டி வழக்கில், உறுப்பினரை ஒரே சமூகத்தோடு நிறுத்திக்கொள்ளும் துணைவிதி செல்லும் என்று 2005இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாம். சொன்னது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு எழுதி வைத்த துணைவிதி இருந்தது. எங்கள் சொசைட்டியில் அப்படி ஒரு வரி கிடையாது. எங்களுடையது எழுதாத விதி. எழுதாததால் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை, பாருங்கள்.

அடுத்த வாரம் கமிட்டி மீட்டிங். நானும் கமிட்டியில் ஒருவன். தண்ணீர் டேங்க், பார்க்கிங், வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் பேசியாச்சு. சாயும் காக்ராவும் வந்தது. "வேற ஏதாவது விஷயம் இருக்கா?" என்று செக்ரட்டரி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 6 வீடு மாறி, கடைசியில் ஒரு இடத்தில் ஒட்டியிருக்கிறோம், நமக்கெதற்கு வம்பு என்றுதான் இருக்க வேண்டும். ஆன்ட்டியிடம் போனில், "அந்த வீடு போயிடுச்சு ஆன்ட்டி" என்று புளுகினேன். "பரவாயில்லை பேட்டா" என்றார்.

இதில் கூத்து என்னவென்றால், நாங்கள் இந்த வீட்டை வாங்கின கதையே வேறு. 2009இல் ஹோம் லோன் இழுத்தடித்தபோது தங்கமணி தூங்காமல் புலம்பிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டிதான் அவளை மாஹிம் கோவிலுக்குப் புதன்கிழமை நொவீனாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே வாசலில் மெழுகில் கை, கால், குழந்தை, வீடு எல்லாம் விற்பார்கள். நம் வேளாங்கண்ணியில் காணிக்கை போடுகிற மாதிரிதான். ஒன்பது புதன்கிழமை போய், மெழுகு வீடு வைத்து வேண்டிக்கொண்டு வந்தாள். லோன் வந்தது. கணபதி ஹோமம் பண்ணி கிரகப்பிரவேசம் செய்தோம். அங்கிளும் ஆன்ட்டியும் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அங்கிளை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டது :-) ஆக, விருந்தாளியாக வரலாம். வாடகைக்கு வரக்கூடாது.

கடைசியில் மலாடு ஆர்லெம்மில் வீடு கிடைத்தது. பெரிய சர்ச், சுற்றிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். வீட்டுக்காரர் மங்களூர்க்காரர். எந்தக் கேள்வியும் இல்லை.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு நானும் தங்கமணியும் ஆஜர். தேக்கு அலமாரியைக் கயிறு கட்டி மாடிப்படியில் இறக்கவே ஒன்றரை மணி நேரம். பீரோ, கட்டில் எல்லாம் ஹமால்கள் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒதுக்கியது பாட்டில் மசாலா. கோடையில் மிளகாயும் இன்னும் இருபதுக்கு மேல் சாமான்களும் வெயிலில் காய்ந்து, வறுபட்டு, இடிபட்டு, பழைய பீர் பாட்டில்களில் கெட்டியாக அடைபடும். வருஷம் முழுக்க அதுதான் சமையலுக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு, வெளியே சொல்ல மாட்டார்கள். அந்த வருஷத்து மசாலா 11 பாட்டில். டெம்போவில் ஏற்ற ஆன்ட்டி சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றையும் பழைய புடவைத் துணியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மலாடு வரை போனேன். சைவன் மடியில் விந்தாலு மசாலா!

அதற்கு முன்னால் சாமி படத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. ஹாலில் இயேசுவின் திரு இருதயப் படம், கீழே சின்ன சிவப்பு பல்பு. ஹமால் கை வைக்கப் போனான். ஆன்ட்டி தடுத்துவிட்டு, அங்கிளோடு நின்று ஒரு ஜெபம் சொன்னார். அப்புறம் என்னை ஸ்டூலில் ஏறச் சொன்னார். படத்தை எடுத்ததும் பின்னாலிருந்து காய்ந்த ஓலைகள் பொலபொலவென்று என் தலையில் கொட்டின. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகள், எத்தனையோ வருஷத்தது. குப்பையில் போடக்கூடாதாம். சர்ச்சில் கொடுத்தால் எரித்து, அடுத்த சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசும் சாம்பலாக்குவார்கள். ஒன்று விடாமல் பொறுக்கிக் கவரில் போட்டேன். நம் வீட்டு விபூதி மாதிரி என்று சொன்னேன். அங்கிள், "அதே, மென்" என்றார்.

சாயங்காலம் ஃபாதர் வந்து புது வீட்டை மந்திரித்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளிக்க, நான் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். "இவர் உங்க பையனா?" என்று கேட்டார். "பேயிங் கெஸ்ட், ஃபாதர். 1998லேர்ந்து" என்றார் ஆன்ட்டி.

தங்கமணி சும்மா இருப்பாளா? உப்பு, மஞ்சள், பால் பாக்கெட்டோடுதான் வந்திருந்தாள். "பால் காய்ச்சாம எப்படி ஆன்ட்டி?" ஆன்ட்டி ஒரு பெட்டியைக் கிளறி அந்த அலுமினியப் பாத்திரத்தை எடுத்தார். நெயில் பாலிஷ் பொட்டு பாதி உதிர்ந்திருந்தது. அதில்தான் பால் பொங்கிற்று.

கிளம்பும்போது ஒரு டப்பா நிறைய ஃபூகியாஸ் கொடுத்தார். போண்டா மாதிரி உருண்டை, மைதாவில் செய்வது. "உனக்காக முட்டை போடலை." டப்பாவை வாங்கும்போது மெதுவாகக் கேட்டார். "அந்த மூணாவது மாடி வீடு இன்னும் காலியாத்தானே இருக்கு?"

"இருக்கு ஆன்ட்டி."

"சரி, விடு. சூடா சாப்பிடு" என்றார்.

திரும்பி வரும்போது தங்கமணியும் நானும் பேசிக்கொள்ளவில்லை. 1960களின் கடைசியில் சிவசேனா மதராசிகள் மேல் பாய்ந்த காலத்தை மாதுங்கா பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மதராசி என்று வீடு கிடைக்காமல் அலைந்த கதை நம்மில் பலரிடம் உண்டு. நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இப்போது அதே ஊரில், ட்ரெயின் ஏறி வந்த நாம் கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு, முன்னாடியே இருந்தவர்களுக்கு வீடு இல்லை என்கிறோம். வாயைத் திறந்துகூடச் சொல்வதில்லை, தலையாட்டினால் போதும்.

எங்கள் சொசைட்டியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பருக்குள் நடக்க வேண்டும். எந்த விதியின்படி வாடகைக்காரர்களை மறுக்கிறோம், அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை "வேற ஏதாவது விஷயம்" வரும்வரை காத்திருப்பதாக இல்லை. செக்ரட்டரி இப்போதெல்லாம் லிஃப்டில் என்னைப் பார்த்தால் மொபைலைப் பார்க்கிறார். ஆன்ட்டிக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்கள் ஆர்லெம்மில் நன்றாக இருக்கிறார்கள்.

கடிதத்தில் தங்கமணி இரண்டு ஸ்பெல்லிங் திருத்தினாள். அப்புறம் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள். வீடு அவள் பேரிலும்தானே இருக்கிறது.