ஆடு கிடைச்சுதா?

என் பேத்தி மெல்போர்னில் ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். பல நாட்டுப் பள்ளிக் குழந்தைகள் வகுப்பில் எழுதுவதைப் படித்து, எழுதிய குழந்தைக்கே நாலு வரி பதில் எழுத வேண்டுமாம். அதுவும் அவளுக்குப் பாடத்தில் ஒரு பகுதி.

போன தீபாவளி சமயம் போனில் பேசும்போது ஒன்றைப் படித்துக் காட்டினாள். நியூசிலாந்துக் கிராமப் பள்ளிகளில் வசந்த காலத்தில் ஒரு நாள், பிள்ளைகள் தாங்கள் வளர்த்த ஆட்டுக்குட்டியையோ கன்றுக்குட்டியையோ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வருவார்கள். நன்றாக வளர்த்ததற்குப் பரிசும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, தன் குட்டி நடுமைதானத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மறுத்ததை எழுதியிருந்தது.

"தாத்தா, நீங்க 36 வருஷம் வாத்தியாரா இருந்தீங்கள்ல, என்ன எழுதலாம்?"

"முதல்ல தப்பையெல்லாம் குறிச்சுக்கோம்மா."

சிரித்தாள். "திருத்துறதுக்கு அவங்க டீச்சர் இருக்காங்க. நான் படிச்சேன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியணும், அவ்வளவுதான்." குட்டியை எப்படி எழுப்பினாய் என்று கேட்டு எழுதினாள். தன்னையும் ஒருமுறை தாத்தா ஊரில் ஓர் ஆடு கயிற்றோடு இழுத்துக்கொண்டு ஓடியதைச் சேர்த்துக்கொண்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1984 என்று நினைக்கிறேன். எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ். 'விடுமுறை நாள்' என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு பையன், தங்கள் வீட்டுக் கன்னி ஆடு காணாமல் போனதை எழுதியிருந்தான். அவனும் அம்மாவும் அரிக்கேன் விளக்கோடு கண்மாய்க் கரை முழுக்கத் தேடினார்களாம். அம்மா அழுதாள் என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. 'மரத்தடி'யை 'மறத்தடி' என்று எழுதியிருந்தான். மொத்தம் ஒன்பது பிழை. ஒன்பதையும் சிவப்பு மையில் சுழித்து, பத்துக்கு நாலு போட்டேன்.

நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய் உட்கார்ந்துவிட்டான். அந்த வீட்டில் ஆடு என்றால் அதுதான் சேமிப்பு, அதுதான் பள்ளிச் செலவு. எனக்கும் அது தெரியும். மேசை மேல் இன்னும் நாற்பது நோட்டு இருந்தது.

அதற்குப் பிறகு அவன் கட்டுரை என்றால் கோனார் உரையிலிருந்து எழுதிக்கொண்டு வந்துவிடுவான். பிழை இருக்காது. நானும் பத்துக்கு எட்டு போட்டுவந்தேன். பையன் தேறிவிட்டான் என்று தலைமையாசிரியரிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

பிரான்சில் செலஸ்தென் ஃப்ரெனே என்று ஒரு ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுபட்டவர். மூச்சைப் பிடித்து நெடுநேரம் பாடம் நடத்த முடியாது. 1920களில் தெற்கே ஒரு மலைக் கிராமப் பள்ளியில் சின்ன அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததையும் பட்டதையும் சொந்தமாக எழுதி, அவர்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் எதிர்க்கோடியில், பிரிட்டனி கடலோரத்தில் உள்ள ஒரு பள்ளிக்குப் போயின. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. படிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்றதும் பிள்ளைகள் தாங்களாகவே பிழை பார்த்தார்கள். பிழைகளைச் சுழித்தே 36 வருஷம் கழித்தவன், ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் படித்தேன்.

நியூசிலாந்துப் பிள்ளை ஒரு வாரத்தில் பேத்திக்கு ஒரு பக்கம் பதில் எழுதிவிட்டது. குட்டி பால் புட்டியைக் கண்டதும் எழுந்துகொண்டதாம்.

போன மாதம் அந்தக் கிராமத்துக்காரர் ஒருவரைப் பேருந்தில் பார்த்து, பையனைப் பற்றி விசாரித்தேன். கோவையில் சொந்தமாக லாரி வைத்திருக்கிறானாம். அவனுக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். நம்பர் வாங்கி டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு முறை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு வாத்தியார் கூப்பிட்டு, "தம்பி, அந்த ஆடு கிடைச்சுதா?" என்று கேட்டால் அவன் என்ன நினைப்பானோ.

இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் கேட்டுவிட வேண்டும்.