அலமாரியில் மூன்று சட்டைகள்

மார்ச் 7, 2025. வெள்ளிக்கிழமை பிற்பகல். பாஸ்டன் நகர அலுவலகங்களில் வேலை நடப்பது போலத்தான் தெரிந்திருக்கும். ஆனால் ஐஸ் ஹாக்கி பைத்தியம் பிடித்தவர்களின் கண் கடிகாரத்திலும் கைபேசியிலும்தான் இருந்தது. மூன்று மணிக்குக் கெடு. அதற்குள் எந்த ஆட்டக்காரர் எந்த அணிக்குக் கைமாறுகிறார் என்பது முடிவாகிவிட வேண்டும். கெடுவை ஒட்டி அந்தச் செய்தி வந்தது: பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் கேப்டன் பிராட் மார்ஷாண்ட், ஃபுளோரிடா பேந்தர்ஸுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டார்.

ஹாக்கி என்றால் இந்திய வாசகருக்கு நினைவில் எழுவது புல்தரையும் தியான் சந்தும். வட அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. பனித்தளம், சறுக்குக் காலணி, பந்துக்குப் பதில் தட்டையான கறுப்பு ரப்பர் வில்லை. அதை ஆடும் தேசிய ஹாக்கி லீகில் இப்போது 32 அணிகள். ஆண்டுதோறும் பெரும்பாலும் மார்ச் தொடக்கத்தில் வரும் கெடு நாளில் இந்த அணிகளுக்கிடையே ஒரு சந்தை கூடுகிறது. கெடுவுக்குப் பிறகு வாங்கும் ஆட்டக்காரரை அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பைக்கான சுற்றுகளில் இறக்க முடியாது என்பதால் இத்தனை பரபரப்பு.

சந்தையின் கணக்கு எளிது. கோப்பை வாய்ப்பு இல்லாத அணி விற்கும். வாய்ப்பு உள்ள அணி வாங்கும். கோடையில் ஒப்பந்தம் முடியப்போகிறவர்களைத்தான் பெரும்பாலும் விற்பார்கள். சும்மா போகவிடுவதைவிட ஏதாவது வாங்கிக்கொண்டு அனுப்புவது லாபம். அப்படிச் சில மாதங்களுக்கு மட்டும் வாங்கப்படுகிறவரை ரசிகர்கள் ‘வாடகை ஆள்’ என்கிறார்கள். விலை பணமல்ல. ஆளுக்கு ஆள், அல்லது இனிமேல் வரப்போகும் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அப்பட்டமான பண்டமாற்று.

இந்தச் சந்தையில் கருத்துக் கேட்கப்படாத ஒரே ஆள் ரசிகர். நிர்வாகி பேரம் பேசுகிறார். பெரிய ஆட்டக்காரர் என்றால் ஒப்பந்தத்தில் ‘என் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது’ என்று ஒரு விதி வைத்திருப்பார். டிக்கெட் வாங்கி, சட்டை வாங்கி, பிள்ளைக்கு அந்த ஆட்டக்காரரின் பெயரையே வைத்த ரசிகருக்கு அப்படி எந்த விதியும் இல்லை.

பாஸ்டன் ரசிகர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். பெயர் வேண்டாம். 1965-ல் பிறந்தவர் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். அவர் வாழ்நாளில் இப்படி மூன்று பேர் போயிருக்கிறார்கள். ஏதோ கணக்கு வைத்தது போல 25 ஆண்டுகளுக்கு ஒருவர்.

முதலாமவர் போனபோது அவருக்கு வயது பத்து. ஃபில் எஸ்போசிட்டோ, சட்டை எண் 7. 1967-ல் சிகாகோவிலிருந்து இதே போன்ற ஒரு பண்டமாற்றில்தான் அவர் பாஸ்டனுக்கு வந்தார். 1970-லும் 1972-லும் ஸ்டான்லி கோப்பை வென்ற அணியின் கோல் இயந்திரம். 1970-71 பருவத்தில் அவர் அடித்த 76 கோல்கள் 1982-ல் வெய்ன் கிரெட்ஸ்கி வரும்வரை சாதனையாக இருந்தது. ஏசுவையும் எஸ்போசிட்டோவையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துக் கேலியாக எழுதிய ஸ்டிக்கர்கள் பாஸ்டன் கார்களில் ஒட்டப்பட்டிருந்த காலம் அது.

1975 நவம்பர் 7-ல் அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அது கெடு நாள்கூட இல்லை, பருவம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அணி வெளியூர் ஆட்டத்துக்காக வான்கூவரில் தங்கியிருந்தபோது பயிற்சியாளர் டான் செர்ரி ஹோட்டலில் வைத்து அவரிடம் விஷயத்தைச் சொன்னார். எஸ்போசிட்டோவே உடைந்துபோனார். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் பிராட் பார்க். பாஸ்டன்காரர்கள் மனதார வெறுத்துவந்த ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர். எதிரியிடம் பிள்ளையைக் கொடுத்து எதிரியின் பிள்ளையை வாங்கிவந்தது போலிருந்தது நகரத்துக்கு.

பேரேட்டைப் புரட்டினால் அந்த பேரத்தில் பாஸ்டனுக்கு நஷ்டமில்லை. பார்க்கும் கூட வந்த ழான் ரத்தேலும் அணியைத் தூக்கி நிறுத்தினார்கள். 1977-லும் 1978-லும் பாஸ்டன் இறுதிப் போட்டிவரை போயிற்று. வெறுக்கப்பட்ட பார்க்கைப் பாஸ்டன் தன் ஆளாகவே ஏற்றுக்கொண்டது. ஆனால் பத்து வயதுப் பையனுக்குப் பேரேடு தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, 7 என்று எழுதிய ஒரு சட்டை தன்னிடம் இருக்கிறது, அதற்கு உரியவர் ஊரில் இல்லை என்பதுதான். சங்கப் பாடல்களில் மகள் காதலனோடு போய்விட்ட பிறகு, அவள் விளையாடிய பந்தையும் பாவையையும் பார்த்துத் தாய் கலங்குவாள். அந்தத் தாயிடம் யாரும் உத்தரவு கேட்டுப் போவதில்லை. பையன் சட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

7 என்ற எண் பாஸ்டனில் சும்மா இருக்கவில்லை. 1979-ல் வந்த 18 வயது தடுப்பாட்டக்காரர் ரே போர்க் அதை அணிந்தார். எட்டு ஆண்டுகள் அந்த எண்ணில் ஆடிப் பேரெடுத்தார். 1987 டிசம்பர் 3-ல் பாஸ்டன் கார்டன் அரங்கில் எஸ்போசிட்டோவுக்கு விழா எடுத்தார்கள். அவருடைய எண்ணை விதானத்தில் ஏற்றுவதாகப் பேச்சு. ஆனால் அந்த எண்தான் போர்க்கின் முதுகில் இருக்கிறதே? போர்க் சறுக்கிக்கொண்டு எஸ்போசிட்டோவின் அருகில் வந்தார். தன் சட்டையைக் கழற்றினார். உள்ளே இன்னொரு சட்டை, எண் 77. கழற்றிய 7-ஐ எஸ்போசிட்டோவின் கையில் கொடுத்தார். போனவருக்கு அவருடைய பொருள் திரும்பக் கிடைத்தது. நம்முடைய ரசிகருக்கு அப்போது வயது 22. பன்னிரண்டு வருஷம் மனதில் வைத்திருந்ததை அன்று கைதட்டித் தீர்த்திருப்பார். அலமாரியில் இரண்டாவது சட்டையாக 77 வந்து சேர்ந்தது.

77-ம் போக வேண்டியிருந்தது. போர்க் பாஸ்டனுக்காக 21 பருவங்கள், 1,518 ஆட்டங்கள் ஆடினார். 1988-லும் 1990-லும் கோப்பையின் விளிம்புவரை அணியைக் கொண்டுபோனார். இரண்டு முறையும் எட்மன்டன் தட்டிப்பறித்தது. 1999-2000 பருவத்தில் அணி அடிமட்டத்துக்குச் சரிய, 39 வயதுக் கேப்டன் தானே நிர்வாகத்திடம் போய்க் கேட்டார்: கோப்பை வெல்லக்கூடிய அணி எதற்காவது என்னை அனுப்புங்கள். 2000 மார்ச் 6-ல் கொலராடோ அவலாஞ்சுக்கு அனுப்பப்பட்டார்.

இந்த முறை பாஸ்டன் ரசிகர்கள் சாபம் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம். இருபது வருஷம் தலையில் தூக்கிவைத்து ஆடியவர், தானே கேட்டுக்கொண்டு போகிறார். இந்திய ரசிகர்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்குப் பொங்கியிருக்கிறார்கள். 2023 நவம்பரில் ஹார்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்கு மாறியதற்கும் ரோஹித் சர்மாவின் கேப்டன் பதவியைப் பெற்றதற்கும் 2024 ஐ.பி.எல்-லில் அகமதாபாதும் வாங்கடேயும் போட்ட கூச்சல் நினைவிருக்கலாம். போர்க்குக்கு பாஸ்டன் அப்படிச் செய்யவில்லை. கொலராடோ அணியின் ஊர் டென்வர். பாஸ்டனைவிட இரண்டு மணி நேரம் பின்தங்கிய கடிகாரம். அங்கே ஆட்டம் தொடங்கும்போது பாஸ்டனில் இரவு முற்றிவிடும். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் கண்விழித்து, தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஓர் அணியின் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

முதல் ஆண்டு கைகூடவில்லை. 2001 ஜூன் 9-ல், நியூஜெர்சிக்கு எதிரான இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் கொலராடோ 3-1 என்று வென்றது. கோப்பையை முதலில் தூக்குவது வெற்றிபெற்ற கேப்டனின் உரிமை. கேப்டன் ஜோ சாக்கிக் அதை வாங்கினார். தலைக்கு மேல் தூக்காமல் அப்படியே போர்க்கிடம் நீட்டினார். 22 பருவங்கள் காத்திருந்த 40 வயதுக்காரர் தூக்கினார். ஓய்வும் பெற்றார்.

சில நாள் கழித்து அந்தக் கோப்பையை அவர் பாஸ்டனுக்குக் கொண்டுவந்தார். நகரமன்றத் திடலில் சுமார் 20,000 பேர் கூடினார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. வேறு ஊர் ஜெயித்த கோப்பைக்கு பாஸ்டனில் கொண்டாட்டமா? சொந்தக் கோப்பை பார்த்து 29 ஆண்டுகள் ஆன நகரத்துக்கு இந்த அற்ப சந்தோஷம் ஒரு கேடா? கேட்டவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. இழந்த அணி இழந்ததுதான். போர்க்குக்குப் பதிலாக வந்ததில் பிரையன் ரோல்ஸ்டனைத் தவிர பாஸ்டனில் பெரிதாக யாரும் சோபிக்கவும் இல்லை. பேரேட்டில் இது மோசமான வியாபாரம். ஆனாலும் திடலில் நின்ற அந்த 20,000 பேர் அணி நிர்வாகம் செய்த கணக்கைப் பார்க்க வரவில்லை. தங்கள் ஆள் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார், பார்க்க வந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவர் கைமாறவே இல்லை.

மூன்றாமவர் மார்ஷாண்ட், எண் 63. உயரம் குறைவு, குறும்பு அதிகம். எதிரணியைச் சீண்டுவதில் மன்னர். ஊருக்கெல்லாம் ‘எலி’, பாஸ்டனுக்குச் செல்லப்பிள்ளை. 2006-ல் பாஸ்டன் மூன்றாவது சுற்றில் எடுத்த இளைஞர், 2011-ல் 39 ஆண்டு ஏக்கத்தைத் தீர்த்த கோப்பை அணியில் இருந்தார். 2023-ல் கேப்டனானார். 2025 கோடையில் ஒப்பந்தம் முடியவேண்டும். புது ஒப்பந்தப் பேச்சு ஒத்துவரவில்லை. அணியும் தோற்றுக்கொண்டிருந்தது. எனவே கெடு நாளில் அனுப்பிவிட்டார்கள். அதுவும் எங்கே? 2023-லும் 2024-லும் பாஸ்டனைக் கோப்பைச் சுற்றுகளிலிருந்து வெளியேற்றிய அதே ஃபுளோரிடாவுக்கு. 2024 தொடரில் சாம் பென்னட் என்ற ஃபுளோரிடாக்காரர் அடித்த அடியில் மார்ஷாண்ட் இரண்டு ஆட்டங்கள் உட்கார வேண்டியிருந்தது. இப்போது பென்னட்டும் அவரும் ஒரே அறையில் சட்டை மாற்ற வேண்டும்.

நம்முடைய ரசிகருக்கு இப்போது 60 வயது. கவனிக்க வேண்டியது இங்கேதான். செய்தி வந்ததும் அவர் முதலில் கேட்ட கேள்வி, “பதிலுக்கு என்ன கிடைத்தது?” என்பதாகத்தான் இருந்திருக்கும். இன்றைய ரசிகரைக் காலம் அப்படிப் பழக்கியிருக்கிறது. 2005-ல் சம்பள உச்சவரம்பு வந்த பிறகு ஒவ்வொரு அணியின் சம்பளக் கணக்கும் ரசிகருக்கு மனப்பாடம். கெடு நாளில் தொலைக்காட்சி விடிந்ததிலிருந்து இதையே பேசுகிறது. வீட்டு வரவுசெலவு பார்க்காதவர்கூட அணியின் வரவுசெலவைப் பிசிறில்லாமல் சொல்கிறார். பத்து வயதில் அழுதவன், 35-ல் வழியனுப்பியவர், 60-ல் நிர்வாகியைப் போல யோசிக்கிறார். இது பக்குவமா, மரத்துப்போனதா என்று அவருக்கே தெரியாது.

கிடைத்தது இதுதான்: இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்று. ஒரு நிபந்தனையும் உண்டு. ஃபுளோரிடா கோப்பைச் சுற்றுகளில் இரண்டைத் தாண்டி, பாதி ஆட்டங்களிலாவது மார்ஷாண்ட் ஆடியிருந்தால் அது முதல் சுற்று உரிமையாக உயரும். விநோதமான நிபந்தனை. எதிரியாகிவிட்ட அவர் நன்றாக ஆடினால் பாஸ்டனுக்கு லாபம். பாஸ்டன் ரசிகர் அவருக்காகக் கைதட்டுவதற்கு ஒரு வியாபாரக் காரணமும் கிடைத்துவிட்டது.

அவர் நன்றாகத்தான் ஆடினார். இரண்டாம் சுற்றில் டொரான்டோவை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தினார்கள். பாஸ்டன் சட்டையில் டொரான்டோவைப் பலமுறை அழவைத்தவர், புதுச் சட்டையிலும் அதையே செய்தார். பாஸ்டனில் சிரித்த சிரிப்பு ஃபுளோரிடாவில்கூடச் சிரித்திருக்க மாட்டார்கள். எட்மன்டனுக்கு எதிரான இறுதித் தொடரில் ஆறு கோல்கள். 2025 ஜூன் 17-ல் கோப்பை. வெற்றிக்குப் பின் பிளாஸ்டிக் எலிகளைப் பனித்தளத்தில் வீசுவது 1990-களிலிருந்து ஃபுளோரிடா ரசிகர்களின் வழக்கம். அந்த எலிகளைச் சக ஆட்டக்காரர்கள் ‘எலி’ மார்ஷாண்ட் மேலேயே மட்டையால் அடித்துவிட்டு விளையாடினார்கள்.

நிபந்தனை நிறைவேறியது. முதல் சுற்று உரிமை பாஸ்டன் கணக்கில் ஏறியது. ஆனால் இறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகருக்கு அதற்கு மேல் நிபந்தனையால் எந்த லாபமும் இல்லை. இரண்டு சுற்று முடிந்த அன்றே பேரேடு மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகும் விழித்திருந்து பார்த்தாரே, அந்த இரவுகளுக்கு நிர்வாகியின் மொழியில் விளக்கம் கிடையாது.

2025 அக்டோபரில் மார்ஷாண்ட் ஃபுளோரிடா சட்டையில் முதல்முறையாகப் பாஸ்டன் அரங்குக்கு வந்தார். அவருடைய பழைய ஆட்டங்களைத் திரையில் காட்டினார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சீண்டுவதில் மன்னரான அவர் கண் கலங்கினார். பிறகு ஆட்டம் தொடங்கியது. ஃபுளோரிடா 4-3 என்று ஜெயித்துவிட்டுப் போயிற்று. தோல்விக்கு ரசிகர்கள் திட்டினார்கள், முறைப்படி.

அந்தத் தேர்வு உரிமையில் ஒருநாள் யாரோ ஒரு பையன் பாஸ்டனுக்கு வருவான். இப்போது ஏதோ ஒரு சிற்றூரில், விடியற்காலையில் அம்மாவோ அப்பாவோ காரில் கொண்டுவந்து விட, சறுக்கிப் பழகிக்கொண்டிருப்பான். பாஸ்டனில் அவனுக்காக ஒருவர் காத்திருப்பது அவனுக்குத் தெரியாது. அவனும் ஒரு மார்ச் மாதம் போய்விடக்கூடும் என்பது காத்திருப்பவருக்குத் தெரியும். அதற்காக அவர் அலமாரியைப் பூட்டிவிடவில்லை. 7, 77, 63. பக்கத்தில் இன்னொரு சட்டைக்கு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்.