கால் காணி மல்லாட்டை

'அனுபவம் உண்டா?' என்று கேட்காமல் ஆளை எடுத்துக்கொள்ளும் உத்தியோகம் உலகத்தில் இரண்டே இரண்டுதான் என்று என் நண்பர் ஒருவர் சொல்லுவார். ஒன்று மாப்பிள்ளை உத்தியோகம். மற்றொன்று எழுத்தாளன் உத்தியோகம். பாக்கி எல்லா இடங்களிலும் அந்தக் கேள்வி வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது. வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை கிடைக்கும். பட்டம் வாங்கிய பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவே நின்று விழிப்பதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவர்களில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற அமெரிக்கர் ஒருவர். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்தவர். 1906-ஆம் ஆண்டில் 27 மாணவர்களை வைத்துக்கொண்டு அவர் ஒரு சோதனை செய்தார். ஒரு வாரம் வகுப்பு; மறு வாரம் தொழிற்சாலை. ஒருவன் படிக்கிற வாரத்தில் அவனுடைய ஜோடி இயந்திரத்தின் முன் நிற்பான். கூலியும் உண்டு. 1957-இல் கனடாவில் தோன்றிய வாட்டர்லூ பல்கலைக்கழகம் பிறந்த நாளிலிருந்தே இந்த வழியைக் கைக்கொண்டது. நம் நாட்டில் 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது; 1973-இல் அதைத் திருத்தி, பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் உள்ளே சேர்த்தார்கள். விழுப்புரத்து அரசுப் போக்குவரத்துக் கழகமும் இந்தச் சட்டப்படி பழகுநர்களை எடுத்திருக்கிறது.

சட்டம் இருக்கிறது, சரி. அனுபவம் வருகிறதா? என் தங்கை மகன் ஒரு நிறுவனத்துக்கு - பெயர் வேண்டாம் - ஆறு மாதப் பயிற்சிக்குப் போனான். "தொட்டுக் கிட்டு உடைச்சிடாதே, ஓரமா நின்னு பாரு தம்பி" என்றார்களாம். ஆறு மாதமும் நின்றான். முடிவில், 'மிகச் சிறப்பாகப் பணியாற்றினார்' என்று கெட்டிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மிகச் சிறப்பாக நின்றார் என்று எழுதியிருந்தால் பொய்யாக இருந்திருக்காது.

அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. தெரியாதவன் கையில் வேலையை ஒப்படைத்தால் நஷ்டம் வரும். அந்த நஷ்டத்துக்கு யாராவது ஒருவர் தலை கொடுக்க வேண்டும். பெரிய முதலாளிகளே தயங்குகிற அந்தக் காரியத்தைத் திண்டிவனத்துப் பக்கம் ஒரு கால் காணிக்காரர் செய்ததை நான் பார்த்தேன்.

ஒரு கல்யாணத்துக்காக விழுப்புரம் போயிருந்தேன். தை மாதக் கடைசி. முகூர்த்தம் முடிந்ததும் நண்பர் ஒருவர் தம் ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இழுத்துக்கொண்டு போனார். திண்டிவனம் சாலையில் விக்கிரவாண்டியைத் தாண்டி, கூட்டேரிப்பட்டில் இறங்கி, மயிலம் முருகன் குன்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு கிராமம். தெருவை அடைத்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் கோலப்பொடியால் ஊரையே வரைந்துகொண்டிருந்தார்கள். ஏரி நீலம், வயல் பச்சை, கோயில் மஞ்சள். ஒரு கிழவர் குனிந்து பார்த்து, "எங்க ஊட்டுக் கெணத்தைக் காணோமே கண்ணு?" என்று வருத்தப்பட்டார். உடனே ஒரு நீலப் புள்ளி வைத்து அவரைச் சமாதானம் செய்தார்கள்.

வேளாண்மைக் கல்லூரி மாணவிகள். இறுதியாண்டில் இவர்களைக் கிராமத்துக்கு அனுப்புகிறார்கள்; கிராமத் தங்கல் திட்டம் என்று பெயர். ஆளுக்கு ஒரு விவசாயி. அவர் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், செய்ய வேண்டும், எழுத வேண்டும்.

நண்பர் வீட்டுக்கு அடுத்த கொல்லைக்காரரிடம் வந்திருந்த பெண்ணுக்குச் சொந்த ஊர் ஈரோடு. அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் ஒரு துளசிச் செடிக்குமேல் பயிர் வைத்ததில்லை. அவளுக்கு வாய்த்ததோ மல்லாட்டை. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதை இந்தச் சீமையில் அப்படித்தான் சொல்வார்கள். மணிலாக் கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறிய சரக்கு இது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்கு டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். 1967-இல் வந்த டி.எம்.வி. 7-ஐ அந்தக் கொல்லைக்காரர் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல் "நம்ம ஏழு" என்றார்.

மல்லாட்டைச் செடிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பூ மேலே பூக்கும். காய் மண்ணுக்குள் காய்க்கும். பூ கருவுற்றதும் அதிலிருந்து ஒரு விழுது கிளம்பி மண்ணில் இறங்கும். அதன் நுனிதான் காயாகிறது. அந்தக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேரிடம் கேட்டு வாங்குவதில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்கிறது. சத்து போதாவிட்டால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இராது. அதற்குப் பொக்கு என்று பெயர். ஆகையால் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். அந்தப் பெண் இதைச் சொன்னபோது கொல்லைக்காரர் கால் காணியை அளந்து விட்டார். காணி என்பது 1.32 ஏக்கர், கால் காணிக்கு ஒரு மூட்டை போதும்.

அவர் மனைவிக்கு இதில் சம்மதமில்லை. "படிக்கிற புள்ளைங்க வெளையாட நம்ம கொல்லைதான் கெடச்சுதா?" என்று எங்கள் காது கேட்கவே சொன்னார். வாஸ்தவமான கேள்விதானே? பரீட்சையில் அந்தப் பெண் தவறினால் மறுபடி எழுதலாம். மல்லாட்டை மறுபடி எழுதாது.

மூட்டைக்கான பணத்தைப் பெண் நீட்டினாள். கொல்லைக்காரர் வாங்கவில்லை.

"நீ காசு குடுத்தா அது உன் பரீட்சைம்மா. நான் குடுத்தாத்தான் என் பயிரு."

மண் அணைக்கிற அன்று, களைக்கொத்தியும் கையுமாக அவளும் இறங்கினாள். பத்து அடி போவதற்குள் ஓர் ஆயா வந்து கையைப் பிடித்துவிட்டாள். "ஆழமாப் போடாதே பாப்பா. எறங்கின விழுது அறுந்துச்சின்னா அத்தோட சரி." விழுது இறங்கியபின் மண்ணைக் கிளறக்கூடாது என்று அவளுடைய புத்தகத்திலும் இருக்கிறது, அவளே எனக்கு எடுத்துக் காட்டினாள். புத்தகத்தில் அது ஒரு வரி. அங்கே அது ஆயாவின் பிடியாக இருந்தது. அந்த வரிசையில் அதற்குள் எத்தனை விழுது அறுந்ததோ, மண்ணுக்குத்தான் தெரியும்.

எனக்கு இந்தத் திட்டத்தின்மேல் உள்ள குறை ஒன்றுதான். கல்லூரிப் பஞ்சாங்கம் வேறு, பயிரின் பஞ்சாங்கம் வேறு. மார்கழி முதலில் விதைத்த மல்லாட்டை 105 நாளில், பங்குனியில்தான் பிடுங்கத் தயாராகும். இந்தப் பெண்களுக்கோ மாசி நடுவில் தங்கல் முடிந்துவிடுகிறது. அறிக்கை எழுதி, படம் ஒட்டி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஷ்னைடரின் மாணவன் தான் கடைந்த இரும்பை அன்று மாலையே அளந்து பார்த்திருப்பான். இவள் கையால் அணைத்த மண்ணுக்குள் என்ன விளைந்தது என்பதை இவள் பார்க்கவே போவதில்லை. கதையில் முடிவைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால் வாசகர்கள் என்னைச் சும்மா விடுவார்களா?

அந்த எரிச்சலில், கொல்லைக்காரரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். பங்குனி பாதிக்குமேல் அவரே கூப்பிட்டார்.

"புடுங்கியாச்சு சார். பொண்ணு வந்திருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை. மறு வாரம் பரீட்சை. கல்லூரியிலிருந்து சொந்தக் காசில் இரவு பஸ் ஏறி விடியற்காலையில் கூட்டேரிப்பட்டில் வந்து இறங்கியிருக்கிறாள். ஜிப்சம் போட்ட பக்கத்திலும் போடாத பக்கத்திலும் செடி பிடுங்கி, காய் ஆய்ந்து, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார்களாம். போட்ட பக்கம் பொக்கு குறைவுதான் என்று ஒப்புக்கொண்டார். "ஆனா அந்த மொத வரிசை இருக்கு பாருங்க, ஆயா கையைப் புடிச்சுதே, அதுல காயே ரொம்பக் கம்மி சார். பொண்ணு அங்கயே குந்திக்கிச்சு. சோத்துக்குக் கூப்பிட்டும் வரலை. செடி செடியா எண்ணி நோட்டுல எழுதிக்கிச்சு."

"அறிக்கைதான் முன்னமே கொடுத்தாயிற்றே, இது எதற்காம்?" என்று கேட்டேன்.

"அதான் நானும் கேட்டேன். இது எனக்குன்னு சொல்லிச்சு."

பிறகு, "அடுத்த வருசமும் பசங்க வருவாங்களா சார்?" என்று விசாரித்தார். "வந்தா அரைக் காணி உடலாம்னு எங்க ஊட்ல சொல்றா. ஆனா மல்லாட்டை புடுங்குற வரைக்கும் இருக்கணுமாம்."