வேகமா, அனுமதியா?

2025 அக்டோபர் 15, புதன்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு நேற்றோடு முடிந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஆகவே கேம் விளையாடுபவர்கள் பலருக்கும் இப்போது ஒரே கேள்விதான்: லினக்ஸுக்கு மாறினால் வேகம் குறையுமா? பத்து வருடத்துக்கு முன்பு யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கலாம். 2015-ல், ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் லினக்ஸை நம்பி ஸ்டீம் மெஷின் என்ற கேம் கணினிகளைக் கொண்டுவந்தது. அதில் ஓடும் கேம்கள் போதாமல் அந்த முயற்சி படுத்துவிட்டது. 2018-ல் அதே நிறுவனம் வேறு வழியைப் பிடித்தது. லினக்ஸ் பதிப்புக்காகத் தயாரிப்பாளர்களின் கையை எதிர்பார்க்காமல், விண்டோஸ் கேமையே லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை வெளியிட்டது. 1993-ல் தொடங்கிய வைன் திட்டம்தான் அதற்கு அடித்தளம். கேம் விண்டோஸின் டைரக்ட்3டி-யில் இடும் கிராபிக்ஸ் கட்டளைகளை டிஎக்ஸ்விகே என்ற அடுக்கு, லினக்ஸில் செல்லுபடியாகும் வல்கன் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கிறது. நடுவில் ஒரு துபாஷி உட்கார்ந்தால் பேச்சு இழுக்கத்தானே செய்யும் என்ற சந்தேகம் நியாயமானதே.

அக்டோபர் 17, வெள்ளி

சந்தேகத்தைச் சோதிக்க வசதியான கருவி, லெனோவோவின் லீஜன் கோ எஸ். ஒரே கையடக்கக் கருவி, விண்டோஸ் 11-உடனும் வால்வின் லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ்-உடனும் விற்கப்படுகிறது. இந்த ஆண்டு வந்த ஒப்பீடுகளில் பல கேம்கள் ஸ்டீம்ஓஎஸ்ஸில்தான் வேகமாக ஓடின. ‘அது ஏஎம்டி சிப், என்விடியா கார்டு வைத்திருப்பவன் கதை வேறு’ என்பார்கள். உண்மைதான்: டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா கார்டுகள் லினக்ஸில் கணிசமாகப் பின்தங்குவதுண்டு. ஆனால் அது டிரைவர் பிரச்சினை, திருத்தக்கூடியது. மேலும், சராசரி ஃபிரேம் கணக்கு முழுக் கதையையும் சொல்லாது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லிநொடி. நடுவில் ஒன்று மட்டும் 100 மில்லிநொடி எடுத்தால் சராசரி அசையாது, கண் சட்டென்று பிடித்துவிடும். 2022 பிப்ரவரியில் வந்த எல்டன் ரிங் கணினியில் இப்படித்தான் திக்கித் திக்கி ஓடியது. சில இடங்களில் கேம் ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான கிராபிக்ஸ் வளங்களை உருவாக்க, நினைவக மேலாண்மை திணறியது. அதே மாதம் வெளியான ஸ்டீம் டெக் என்ற லினக்ஸ் கையடக்கக் கருவிக்காக, வால்வ் பொறியாளர்கள் அந்த ஒதுக்கீடுகளைச் சேமித்துவைத்து மறுபடி பயன்படுத்தும்படி மொழிமாற்ற அடுக்கைத் திருத்தினார்கள். கேமைத் தொடாமலே திக்கல் வெகுவாகக் குறைந்தது. தாமதத்துக்குக் காரணமாகும் என்று பயந்த அடுக்கே இங்கே மருந்தாகிவிட்டது.

அக்டோபர் 20, திங்கள்

அப்படியானால் தடை எங்கே? ஃபோர்ட்நைட்டைப் பார்த்தால் புரியும். ஈஸி ஆன்டி-சீட் என்ற மோசடித் தடுப்பு மென்பொருள் எபிக் நிறுவனத்துக்குச் சொந்தம். அது 2021 முதல் புரோட்டானிலும் இயங்கக்கூடியது. இருந்தும், எபிக்கின் சொந்தக் கேமான ஃபோர்ட்நைட் லினக்ஸில் திறக்காது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபரில் கதவைச் சாத்தினார்கள். வாலரண்டின் மோசடித் தடுப்பான வான்கார்டு, இயங்குதளத்தின் கருவான கெர்னல் மட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும்; லினக்ஸில் அதற்கு இடமே இல்லை. திரையை இணைக்கும் வசதிக்கு வந்தாலும் இதே நிலைதான்: ஹெச்டிஎம்ஐ 2.1-க்கான ஏஎம்டியின் திறந்த மூல டிரைவருக்கு ஹெச்டிஎம்ஐ அமைப்பு 2024-ல் ஒப்புதல் மறுத்துவிட்டது. இவை எதுவும் வேகக் குறைவால் வந்த தடை அல்ல. எல்லாமே அனுமதி சம்பந்தப்பட்டவை. தயாரிப்பாளர் தரப்பு வாதத்தையும் தள்ளிவிட முடியாது: யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதக்கூடிய கெர்னலில், ஏமாற்றுபவனைப் பிடிப்பது கடினம். ஆனால் கெர்னலுக்குள் வெளியாரை விடுவதற்கும் விலை உண்டு. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அது கேம் மென்பொருள் அல்ல. ஆனால் உட்கார்ந்திருந்த இடம் அதே கெர்னல்.

நவம்பர் 3, திங்கள்

ஸ்டீமின் அக்டோபர் மாதக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. ‘இத்தனை பேருக்காக யார் மெனக்கெடுவார்கள்?’ என்று கேட்கலாம். புரோட்டான் வந்தபின் தனிப் பதிப்பு எழுதும் வேலையே பெரும்பாலும் இல்லை. மீதி, ஆதரவுச் செலவும் அனுமதிக்கும் மனமும்தான். ஆகவே மாற நினைப்பவர்கள் வேக வரைபடத்தை மூடிவிட்டு, தாங்கள் தினமும் விளையாடும் கேம்களின் பட்டியலை எழுதட்டும். அதில் வாலரண்ட், ஃபோர்ட்நைட் போல ஒன்று இருந்தால் விண்டோஸில் இருப்பதே புத்திசாலித்தனம். தனியாளாக விளையாடும் கேம்களும் ஏஎம்டி கார்டும் என்றால், விண்டோஸிலேயே இருக்க வேகத்தைக் காரணம் காட்ட முடியாது.