வர வேண்டிய பணமும் வந்த கடிதமும்

சகோதரிகளே, நான் பட்ட பாட்டை நீங்களும் படக் கூடாது என்றுதான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

என் அப்பா கொடுத்த பணம் என் பெயரில் பாங்கில் ஃபிக்ஸட் டெபாசிட்டாக இருக்கிறது. அதன் வட்டியில் பிடித்த வரியைத் திரும்பக் கேட்டு, போன ஜூலையில் என் கணவர் எனக்காகக் கணக்குத் தாக்கல் செய்திருந்தார். "பணம் வந்தா உனக்குத்தான்" என்று அவர் சொன்னதிலிருந்து தினமும் எதிர்பார்த்தபடி இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு செல்போனைப் பார்த்தால், வருமான வரித் துறை பெயரில் ஓர் ஈமெயில். மேலே சிங்க முத்திரை. ரூ. 12,640 திருப்பித் தர அனுமதியாகிவிட்டதாம். 24 மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்கை அழுத்தி விவரம் தர வேண்டுமாம். எனக்கு ஒரே சந்தோஷம். கார்டு நம்பர், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பிவிட்டேன்.

உடனே ஓ.டி.பி. வந்தது. அதை அடிக்கப் போனபோதுதான் கூட இருந்த வரி கண்ணில் பட்டது. ரூ. 24,500க்குப் பொருள் வாங்குவதற்கான எண் என்று இருந்தது! பணம் வருவதற்கு ஓ.டி.பி. எதற்கு? கை அப்படியே நின்றுவிட்டது.

கணவரிடம் சொல்லப் பயம். சொல்லாமல் இருக்கவும் பயம். கடைசியில் போன் செய்து அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. "முதல்ல பாங்குக்குப் பேசி கார்டை நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த மகள் காட்டிய பிறகுதான் புரிந்தது. அனுப்பியவர் பெயர்தான் துறையின் பெயர்; முகவரி வேறு ஏதோ. நிஜமானது 'இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். என் பெயர்கூட இல்லை, வெறும் 'வாடிக்கையாளரே'தான். வரித் துறை ஈமெயிலில் கார்டு நம்பரோ பாஸ்வேர்டோ கேட்பதே இல்லை என்றும் சொன்னாள்.

அந்தக் கடிதத்தை அழிக்கவில்லை. வரித் துறைக்கும், கணினி மோசடிகளைக் கவனிக்கும் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்புக்கும் அப்படியே அனுப்பி வைத்தோம். பணமே போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

பேராசையால் நான் மாட்டவில்லை. நியாயமாக வர வேண்டிய பணத்துக்குக் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் வலை வீசுகிறார்கள். அதனால், தவறி விரலை வைத்துவிட்டாலும் மறைக்காதீர்கள். சொன்னால் தப்பிக்க வழி உண்டு.

இரண்டு வாரம் கழித்து, எந்த லிங்கையும் அழுத்தாமலே, ரூ. 9,870 நேராக என் பாங்குக் கணக்கில் வந்து விழுந்தது. தொகை குறைவுதான், ஆனால் அது என் பணம்.